பழுதும் பிழையும்

இந்தப் பத்தியைப் படித்து முடிக்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிடத்துக்குள் உங்கள் உடம்பில் டிஎன்ஏ உள்ள ஒவ்வொரு செல்லிலும் அதன் எழுத்துகளில் ஏறக்குறைய ஏழு உதிர்ந்திருக்கும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் செல் ஒன்றுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வரும். நீங்கள் சிகரெட் பிடிக்கிறவரா, காலையில் ஓடுகிறவரா, சைவமா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. எழுத்துகளை உதிர்ப்பது உடம்புக்குள் இருக்கிற தண்ணீரும் உடம்பின் சூடும்தான். எது இல்லாமல் நம்மால் ஒரு நாள்கூட இருக்க முடியாதோ அதுவே நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டும் இருக்கிறது.

இதை அளந்து சொன்னவர் சுவீடன்காரரான தோமஸ் லிண்டால். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்ட பிறகு, தலைமுறை தலைமுறையாக மரபைச் சுமந்து வரும் ஒரு மூலக்கூறு கல்வெட்டு மாதிரி உறுதியாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. லிண்டாலுக்கு அதில் சந்தேகம். 1970களின் தொடக்கத்தில் அவர் அளந்து பார்த்தபோது அது கல்வெட்டாக இல்லை, மழையில் நனைந்த செய்தித்தாளைப் போல இருந்தது. இந்த வேகத்தில் சிதைந்தால் உயிர் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஆனால் இருக்கிறதே! அப்படியென்றால் உள்ளே யாரோ உட்கார்ந்து ஓயாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆட்களைத் தேடிப்போனதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. கிரிக்கே 1974இல், பழுதுநீக்கும் நொதிகளுக்கு இருக்கக்கூடிய பங்கைத் தாங்கள் முற்றிலும் கவனிக்காமல் விட்டுவிட்டதாக எழுதினார். 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசு லிண்டாலுக்கும் போல் மோட்ரிச், அசீஸ் சஞ்சார் ஆகியோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மூவரும் செய்தது ஒரே வகை வேலை. செல் தன்னைத்தானே எப்படிப் பழுது பார்த்துக்கொள்கிறது என்று காட்டினார்கள்.

நம் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் அடுத்த வாக்கியமே விசாரணைதான். "என்னத்தத் தின்னாங்க?" "யாரு வயித்தெரிச்சலோ?" "எந்த ஜென்மத்துப் பாவமோ?" படித்தவர்கள் பாவம் என்ற சொல்லை எடுத்துவிட்டு மைக்ரோவேவ், டின் உணவு, மன அழுத்தம் என்று வைத்துக்கொள்வார்கள். விசாரணை அப்படியே இருக்கும். புகையும் மதுவும் கடும் வெயிலும் பழுதைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் பழுதின் பெரும்பகுதிக்கு யாரும் காரணமில்லை. உயிரோடு இருந்தால் அது நடக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இருக்கும் கேள்வி அதற்கு அடுத்தது. பழுது யாருடைய குற்றமும் இல்லை, சரி. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அதைச் சொல்லாமல் இருக்கும் உரிமை ஒருவருக்கு உண்டா? இந்தக் கேள்வி எனக்கு எங்கள் குடும்பத்திலிருந்து வந்தது. அதற்குப் போவதற்கு முன்னால் செல் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால் எங்கள் வீட்டில் கெட்டுப்போயிருந்தது பழுது பார்க்கும் வேலையைச் செய்கிற ஒரு மரபணுவேதான்.

*

டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது. அதில் உள்ள எழுத்துகள் நான்கு: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். ஓர் இழையில் அடினைன் இருந்தால் எதிர் இழையில் தைமின் இருக்கும். குவானைன் இருந்தால் சைட்டோசின். ஆக, ஒரே செய்தி இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் எழுத்து உதிர்ந்துவிட்டால் நொதிகள் வந்து அந்த இடத்தைச் சுத்தம் செய்து, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, பொருத்தமான எழுத்தை எழுதி, மூட்டிவிட்டுப் போய்விடும். பழுது பார்ப்பதற்கு அறிவோ நல்லெண்ணமோ தேவைப்படவில்லை. நடந்ததைச் சொல்ல எதிரே ஒரு சாட்சி இருந்தால் போதும்.

எழுத்து உதிர்வது ஒரு வகை. எழுத்து உருமாறுவது இன்னொரு வகை. சைட்டோசின் தண்ணீரால் யுராசிலாக மாறிவிடும். யுராசில் ஆர்என்ஏயின் எழுத்து. டிஎன்ஏயில் அதற்கு இடமில்லை. அதனால் காவலுக்கு நிற்கும் நொதி அதைப் பார்த்த உடனே வெட்டி எடுத்துவிடும். இந்த நொதியை லிண்டால் 1974இல் கண்டுபிடித்தார். ஆனால் நம் டிஎன்ஏயில் சில சைட்டோசின்கள் மெத்தில் என்ற சிறு குறியைத் தாங்கியிருக்கும். அவை அதே மாதிரி சிதையும்போது யுராசிலாக மாறுவதில்லை, தைமினாக மாறுகின்றன. தைமின் டிஎன்ஏயின் சொந்த எழுத்து. இதைப் பிடிக்கவும் நொதிகள் இருக்கின்றன. ஆனால் தப்பிவிடுவது அதிகம். மனித மரபணுக்களில் மாற்றங்கள் மிகுதியாக நடக்கும் இடங்களில் இவை முக்கியமானவை. அந்நியன் மாதிரி தெரிகிற தவறு உடனே மாட்டிக்கொள்கிறது. வீட்டு ஆள் மாதிரி இருக்கிற தவறு உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பழுது வேறு, பிழை வேறு. பழுது என்றால் எழுத்தே கெட்டுப்போயிருக்கிறது, தொட்டுப் பார்த்தால் தெரியும். பிழை என்றால் எழுத்து நல்ல எழுத்துதான், இருக்கிற இடம் தவறு. பழுது நீங்காமலே அந்த இழை நகலெடுக்கப்பட்டால், கெட்ட எழுத்துக்கு எதிரே ஏதோ ஒன்று எழுதப்படும். அடுத்த நகலில் இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்திவிடும். அதன் பிறகு எந்த நொதி வந்து தடவிப் பார்த்தாலும் குறை தெரியாது. சாட்சியும் அதே பொய்யைச் சொல்லத் தொடங்கியிருக்கும். பழுது பிழையாகிவிட்டது. பழுதை நீக்கலாம். பிழை இனி மரபு.

அதனால்தான் செல்லுக்கு நேரம் அவ்வளவு முக்கியம். பழுது கண்டால் செல் முதலில் செய்வது நிற்பது. நகலெடுப்பதை, பிரிவதை நிறுத்திவைக்கிறது. பழுது விழுந்த நேரத்துக்கும் அடுத்த நகலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. திருத்தம் என்று ஒன்று நடந்தால் அதற்குள்தான் நடக்க வேண்டும்.

*

நகலெடுக்கும்போதே தவறு நடந்தால்? நம் செல்லொன்றில் அறுநூறு கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. நகலெடுக்கும் நொதி தோராயமாக லட்சம் எழுத்துகளுக்கு ஒரு தடவை சறுக்கும். எழுதிய கையோடு அதுவே திரும்பிப் பார்த்துப் பெரும்பாலானவற்றைத் திருத்திவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற தவறுகளைப் பிடிக்க இன்னொரு கூட்டம் பின்னாலேயே வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு நூறு கோடி எழுத்துகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் தவறு நிற்கும்.

மோட்ரிச் ஆராய்ந்தது அந்தப் பின்னால் வரும் கூட்டத்தை. அதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இரண்டு இழைகளிலும் இருப்பவை நல்ல எழுத்துகள், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. யார் சொல்வது சரி? தவறான பக்கத்தைத் திருத்தினால் பிழை நிரந்தரமாகிவிடும். பாக்டீரியாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய இழையில் மெத்தில் குறிகள் இருக்கும். இப்போதுதான் எழுதப்பட்ட இழையில் குறி விழக் கொஞ்ச நேரமாகும். குறியில்லாத பக்கம் புதியது, அதைத் திருத்து. மனித செல்லில் இந்தக் குறி வேலை செய்வதில்லை. புது இழையில் இன்னும் மூடாமல் இருக்கும் வெட்டுகளை வைத்து எது புதியது என்று அறிந்துகொள்கிறது.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் பழக்கமானது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் பல ஏட்டுப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். இந்த ஏட்டில் ஒரு சொல், அந்த ஏட்டில் வேறு சொல். ஏடெழுதியவர் தூக்கத்தில் விட்டதா, புலவரே எழுதியதா? பதிப்பாசிரியர் பொருளைப் பார்ப்பார், யாப்பைப் பார்ப்பார், உரையைப் பார்ப்பார். பழைய ஏடு என்பதற்காக மட்டும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார். செல்லுக்கு அந்தப் படிப்பு கிடையாது. எது முந்தியதோ அதுதான் அதற்குச் சரி. போன தலைமுறையிலேயே பிழை நுழைந்திருந்தால் செல் அதையும் அதே விசுவாசத்தோடு காப்பாற்றும். இதை இங்கே குறித்துவைக்கிறேன். குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இதையெல்லாம் விட மோசமான நிலை ஒன்று உண்டு. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்து போவது. இப்போது எதிரே சாட்சியில்லை. செல்லுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அறுந்த முனைகளை அப்படியே இழுத்து ஒட்டிவிடுவது. அவசரத்துக்கு உதவும். சில நேரம் ஓரிரு எழுத்துகள் போய்விடும், தழும்பு நிற்கும். இன்னொன்று, பொறுமையான வழி. நகலெடுத்த பிறகு செல்லில் அதே செய்தி உள்ள இன்னொரு பிரதி இருக்கும். அதற்கு உயிரியலில் சகோதரி இழை என்றே பெயர். அறுந்த முனை அந்தச் சகோதரியைத் தேடிப் போய், அவளைப் பார்த்து, தொலைந்ததை எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளும். ஆர்ஏடி51 என்ற புரதம்தான் தேடிப் போகும் புரதம். அதை அறுந்த இடத்துக்கு அழைத்துவந்து உட்கார வைப்பது பிஆர்சிஏ2. இந்த வேலையில் பிஆர்சிஏ1க்கும் பங்குண்டு.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி இரண்டு வகைக் காயங்களைப் பற்றிச் சொல்வாராம். பட்டையை மட்டும் அளவாகச் சீவினால் சில வருடங்களில் புதுப்பட்டை வந்துவிடும், மறுபடியும் வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக ஆறும், பிறகு அங்கே கத்தி ஓடாது. பாட்டியை நான் பார்த்ததில்லை. 44 வயதில் வயிறு வீங்கிச் செத்துப்போனார். வயிற்றில் நீர் கட்டிவிட்டது என்றார்கள். செய்வினை என்றும் சொன்னார்கள்.

*

என் சித்திக்குச் சூலகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 49. அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்துகொண்டிருந்தபோது மருத்துவர் ஒரு மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த அன்று சித்தப்பாவுக்கு வேலை. கார் ஓட்ட நான் போனேன். மரபணு ஆலோசகர் மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாக விளக்கினார். பிஆர்சிஏ1 மரபணுவில் ஓர் இடத்தில் எழுத்து விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் பிறக்கும்போதே இருந்திருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பிறந்தவர்களுக்கும் அப்படித்தான்.

சித்திக்கு இரண்டு மகள்கள். என் அம்மா சித்தியின் அக்கா. காரில் திரும்பி வரும்போது சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை. டோல் தாண்டிய பிறகு சொன்னார்.

"இத யார்கிட்டயும் சொல்லாதம்மா. உங்கம்மாகிட்டகூட."

"ஏன் சித்தி?"

"சின்னவள கேட்டு வந்துருக்காங்க. பரம்பரைச் சீக்குன்னு ஒரு வார்த்த வெளிய போனா முடிஞ்சுது. பெரியவளையும் அவ மாமியார் வூட்ல வச்சுப் பாப்பாங்களா? நான் பட்டது என்னோட போவட்டும்."

சித்தி கெட்டவர் இல்லை. தனக்கு வந்ததைத் தன்னோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். வாய் திறந்தால் பரவும், மூடினால் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. மரபணுவில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. அந்த எழுத்து ஏற்கெனவே நகலாகிவிட்டது. இனி அதை யாராலும் திருத்த முடியாது. ஆனால் அந்த எழுத்து என்ன செய்யும் என்பதில் இன்னும் இடைவெளி இருந்தது.

இங்கே விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். பிஆர்சிஏ1இல் பிழையோடு பிறப்பது என்பது நோயோடு பிறப்பது இல்லை. ஒவ்வொரு செல்லிலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைச் செய்யும். பல வருடங்களில் ஏதாவது ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போய்விட்டால், அந்தச் செல்லால் சகோதரி இழையைப் பார்த்து எழுதும் பொறுமையான வழியில் போக முடியாது. அவசர ஒட்டுகள் பெருகும். பிழைகள் குவியும். அங்கேதான் புற்றுநோய் தொடங்குகிறது. இந்தப் பிழையுள்ள பெண்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். பத்தில் நான்கு பேர் அளவுக்குச் சூலகப் புற்றுநோய் வரக்கூடும். தெரிந்தால் செய்வதற்கு இருக்கிறது. இளம் வயதிலிருந்தே எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கலாம். பிள்ளை பெற்று முடித்த பிறகு சூலகத்தையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடலாம். ஏஞ்சலினா ஜோலி 2013இல் தன் மார்பகங்களை அகற்றிக்கொண்டதைப் பற்றி எழுதியது இதே மரபணுவுக்காகத்தான்.

நோய் வந்தவருக்கும் பலன் உண்டு. செல்லில் சின்னப் பழுதுகளைப் பார்க்கும் பிஏஆர்பி என்ற நொதி இருக்கிறது. அதை மருந்தால் முடக்கினால் சாதாரணச் செல் சமாளித்துக்கொள்ளும். பெரிய பழுது பார்க்கும் வழி ஏற்கெனவே அடைபட்ட புற்றுநோய்ச் செல்லுக்கு இரண்டு கையும் போன மாதிரி. அது செத்துவிடும். 2005இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதைக் காட்டின. 2014இல் ஒலாபரிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சித்திக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்ததற்கே முதல் காரணம் இந்த மருந்து அவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பதுதான்.

*

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இதில் நானும் ஒரு கட்சி. அம்மாவுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு என்றால் எனக்குக் கால் வாய்ப்பு. அம்மாவிடம் சொல்லாமல் நான் மட்டும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. எனக்கு அந்தப் பிழை இருக்கிறது என்று வந்தால், அம்மாவுக்கும் இருக்கிறது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். அம்மா கேட்காமலே அம்மாவைப் பரிசோதித்த மாதிரி ஆகிவிடும். ஒரு மரபணுவைத் தனியாகப் படிக்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சித்தியின் பக்கத்து நியாயத்தை முதலில் வைக்கிறேன். உடம்பு அவருடையது. நோய் அவருடையது. வலி முழுக்க அவருடையது. மருத்துவர் அவரைக் கேட்காமல் என் அம்மாவுக்குப் போன் போட முடியாது, போடவும் கூடாது. ரகசியம் காக்கப்படாது என்று தெரிந்தால் நோயாளி மருத்துவரிடம் எதையும் சொல்ல மாட்டார். இது பெரிய நியாயம்.

இதற்கு எதிரே நான் வைப்பது ஒன்றுதான். சித்தியின் துன்பம் சித்தியுடையது, ஆனால் அந்த எழுத்து சித்தியுடையது இல்லை. அதை அவர் எழுதவில்லை. அது பாட்டியிடமிருந்து வந்தது. பாட்டிக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. என் அம்மாவிடம் அதே எழுத்து இருக்குமானால் அது சித்தியிடமிருந்து போனது ஆகாது. இருவரும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய இரண்டு பிரதிகள். எந்த ஊசி எங்கே குத்தினார்கள், எந்த இரவு எப்படிக் கழிந்தது, முடி கொட்டியபோது என்ன நினைத்தார் என்பதையெல்லாம் அவர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "அக்கா, இப்படி ஒரு எழுத்து நம்ம வீட்ல இருக்கு, நீயும் போய்ப் பாரு" என்ற ஒரு வரியை மட்டும் அடக்கிவைக்க அவருக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன்.

உடனே ஒரு மறுப்பு வரும். தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை என்று ஒன்று இருக்கிறதே? இருக்கிறது. ஹன்டிங்டன் போன்ற நோய்களில் வரப்போவதைத் தடுக்க வழியில்லை. அந்தக் குடும்பங்களில் பலர் பரிசோதனை வேண்டாம் என்றுதான் முடிவெடுக்கிறார்கள். அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள மாட்டேன் என்பதை அந்த ஆள் சொல்ல வேண்டும். அவருக்காக இன்னொருவர் சொல்ல முடியாது. கதவைத் திறக்காமல் இருப்பதற்கும் கதவு ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதில் சித்தியை மட்டும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதும் நியாயமாகாது. அவர் எதைப் பார்த்துப் பயந்தார்? பெண் பார்க்க வருபவர்களை. மாமியார் வீட்டை. காப்புறுதி முகவரின் கேள்வித் தாளை. "அந்த வூட்ல எல்லாருக்கும் சீக்கு" என்று சொல்லக்கூடிய நம்மை. இந்தப் பிழை ஆண்கள் வழியாகவும் அதே பாதிக்குப் பாதி கணக்கில்தான் போகிறது. ஆனால் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் அத்தைகள் எதனால் செத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணின் உடம்பைத்தான் விசாரிக்கிறோம். முந்தின தலைமுறையில் நுழைந்த பிழையை அதே விசுவாசத்தோடு நகலெடுத்துக் காப்பாற்றுவது செல் மட்டுமில்லை. ஒருவரை உண்மை பேசச் சொல்கிறவர்கள், பேசினால் அவருக்குச் சேதம் வராத இடத்தை முதலில் உண்டாக்கித் தர வேண்டும். அதைச் செய்யாமல் கடமையைப் பற்றிப் பேசுவது மலிவு.

நான் சித்தியிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாதாடவில்லை, பயமுறுத்தவில்லை. ஆலோசகர் கொடுத்த தாளில் இருந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து சித்தியே அம்மாவுக்குப் போன் செய்தார். அன்று இரவு அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அப்ப எங்கம்மாவுக்குச் செய்வின இல்ல."

பெரிய தங்கச்சி பரிசோதித்துக்கொண்டாள். சின்னவள் இப்போது வேண்டாம் என்றாள், முப்பது வயதில் யோசிக்கிறேன் என்றாள். இரண்டுமே சரி. அம்மாவும் நானும் என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது எங்களுடைய துன்பத்தின் பகுதி. இந்தக் கட்டுரையில் இருப்பதைச் சித்தி கேட்டுவிட்டு, ஊர் பெயர் ஆள் பெயர் இல்லாமல் எழுதலாம் என்றார்.

*

செல்லை வைத்து நீதி பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். பழுது மிஞ்சிப்போனால் பி53 என்ற புரதத்தின் வழியாகச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உடம்பைக் காப்பாற்றச் செல் சாகிறது. இதைத் தியாகம் என்று உருகி எழுதிவிடலாம். அடுத்த படியில், சமூகம் என்னும் உடம்பில் பழுதான மனிதர்கள் என்று பேச ஆரம்பித்துவிடுவோம். கடந்த நூற்றாண்டில் அப்படிப் பேசியவர்கள் என்ன செய்தார்கள் என்பது வரலாற்றில் இருக்கிறது. புற்றுநோயை உவமையாக்குவது நோயாளியைத்தான் காயப்படுத்தும் என்று சூசன் சொன்டாக் 1978இலேயே எழுதினார். செல்லுக்கு அறம் கிடையாது. அது தியாகமும் செய்வதில்லை, துரோகமும் செய்வதில்லை. திருத்தம் நடக்க என்னென்ன வேண்டும் என்பதை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். யார் திருத்தப்பட வேண்டியவர் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

மேலும், பிழையே இல்லாத மூலப்பிரதி என்று மனிதர்களில் ஒன்று கிடையாது. 2003இல் மனித மரபணுத் தொகுப்புத் திட்டம் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்றும் ஆய்வகங்கள் ஒப்பிடப் பயன்படுத்தும் மேற்கோள் தொகுப்பு அதிலிருந்து வளர்ந்தது. அதில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு அமெரிக்காவின் பஃபலோ நகரில் இரத்தம் கொடுத்த, பெயர் வெளியிடப்படாத ஓர் ஆணுடையது. அவர் குறையில்லாத மனிதர் என்று யாரும் சொல்லவில்லை. விளம்பரம் பார்த்து வந்தவர்களில் ஒருவர். நாம் எல்லாருமே நகலின் நகல்கள். ஒவ்வொருவரிடமும் விடுபட்டதும் மாறியதும் உண்டு. அந்த மாற்றங்கள் இல்லாவிட்டால் மனிதர் என்ற வகையே உண்டாகியிருக்காது. சித்தியின் குடும்பம் கறைபட்ட குடும்பம் என்றால் கறைபடாத குடும்பம் எங்கேயும் இல்லை. தங்கள் எழுத்தைப் படித்துப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் என்ற வித்தியாசம்தான் இருக்கிறது.

ஆலோசகர் அன்று ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். இறந்தவர்மீது சாய்வாக ஒரு கோடு. நோய் வந்தவரின் வட்டத்துக்குக் கறுப்பு. மூன்று தலைமுறைக்கு, யார் எந்த வயதில் எதனால் போனார்கள் என்று பக்கத்தில் எழுத வேண்டும். சித்திக்குப் பாதி தெரியவில்லை. இப்போது அம்மாவும் சித்தியும் சேர்ந்து அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் கூட இருந்தவர்களில் மிஞ்சியிருக்கிற கிழவிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போடுகிறார்கள். "எங்க பெரியம்மா எதனால செத்தாங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" சிலர் காய்ச்சல் என்கிறார்கள். சிலர் மாரில் கட்டி என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்கள். பாட்டியின் அம்மாவுக்கு ஒரு வட்டமும் கோடும் மட்டும் இருக்கின்றன. பெயர் கிடைத்துவிட்டது. வயது இன்னும் கிடைக்கவில்லை.